உனிரேயா உர்சிச்சேனி: ஒரு சிற்றூர்க் காற்பந்துக் கழகத்தின் எழுச்சியும் மறைவும்

உனிரேயா உர்சிச்சேனி என்பது உருமேனியாவின் தென்கிழக்கில், யலோமித்சா மாவட்டத்தில் உள்ள உர்சிச்சேனி என்னும் சிற்றூரைச் சேர்ந்த காற்பந்துக் கழகம் ஆகும். 1954-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இக்கழகம், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டின் கீழ்நிலைப் பிரிவுகளிலேயே ஆடிவந்தது. 2006-இல் முதன்முறையாக முதல்நிலைப் பிரிவுக்கு உயர்ந்து, 2009-இல் உருமேனியாவின் வாகையர் பட்டத்தை வென்றது. அதே ஆண்டில் ஐரோப்பிய வாகையர் கூட்டிணைவான சாம்பியன்ஸ் லீக்கில் பங்கேற்று, இசுக்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ், எசுப்பானியாவின் செவீயா ஆகிய அணிகளை வீழ்த்தியது. பட்டம் வென்ற இரண்டே ஆண்டுகளில், 2011-இல், கழகம் கலைக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்த இந்த ஏற்ற இறக்கம், உருமேனியக் காற்பந்தின் பொருளாதார அடித்தளத்தைப் புரிந்துகொள்ளத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

ஊரும் பெயரும்

உர்சிச்சேனி, தலைநகர் புக்கரெஸ்ட்டிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. பராகன் எனப்படும் பரந்த சமவெளியின் ஓரத்தில் அமைந்த இவ்வூரைச் சுற்றிலும் கோதுமை, மக்காச்சோளம், சூரியகாந்தி வயல்கள் பரவிக் கிடக்கின்றன. புக்கரெஸ்ட்டிலிருந்து கருங்கடல் துறைமுகமான கான்ஸ்டான்ட்சாவுக்குச் செல்லும் சாலையும், வடக்கே புசாவு வழியாக மல்தாவியப் பகுதிக்குச் செல்லும் சாலையும் பிரியும் இடம் இது. ஆகவே பெரும்பாலான உருமேனியர்களுக்கு இவ்வூர் பயணத்தின் இடையே கடந்துபோகும் ஓர் ஊராகவே அறிமுகமாகியிருந்தது. கழகம் புகழ்பெற்ற காலத்தில் ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய 17,000.

'உனிரேயா' என்ற உருமேனியச் சொல்லுக்கு 'ஒன்றிணைப்பு' என்று பொருள். 1859-இல் மல்தாவியா, வலாக்கியா ஆகிய சிற்றரசுகள் இணைந்ததும், 1918-இல் திரான்சில்வேனியா உருமேனியாவுடன் சேர்ந்ததும் இச்சொல்லாலேயே நினைவுகூரப்படுகின்றன. எனவே நாட்டின் பல ஊர்களில் விளையாட்டுக் கழகங்களுக்கு இப்பெயர் சூட்டப்பட்டுள்ளது. யலோமித்சா மாவட்டத்தின் தலைநகரான சுலோபோசியாவிலும் இதே பெயரில் ஒரு கழகம் உண்டு. இரண்டும் வெவ்வேறு கழகங்கள்.

கழகத்தின் சொந்தத் திடலின் பெயர் தினெரெத்துலுய். 'இளைஞர் திடல்' என்பது இதன் பொருள். ஏறத்தாழ 7,000 பேர் அமரக்கூடிய இத்திடல், ஊரின் அளவுக்குப் போதுமானது. ஆனால் ஐரோப்பியப் போட்டிகளுக்கு அது போதவில்லை என்பது பின்னாளில் தெரியவந்தது.

உருமேனியக் காற்பந்தின் பின்புலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமைந்த பொதுவுடைமை ஆட்சியில், உருமேனியாவின் பெரிய கழகங்கள் அரசின் துறைகளோடு பிணைக்கப்பட்டிருந்தன. புக்கரெஸ்ட்டின் ஸ்தாவ்வா படைத்துறையின் கழகம். தினமோ உள்துறை அமைச்சகத்தின் கழகம். ரப்பீத் இரயில்வே தொழிலாளர்களுடையது. சிற்றூர்களின் கழகங்கள் உள்ளூர்த் தொழிற்சாலைகளையும் நகராட்சிகளையும் நம்பியிருந்தன. 1986-இல் செவீயா நகரில் நடந்த இறுதிப் போட்டியில் பார்சிலோனாவை வென்று ஸ்தாவ்வா ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அக்கோப்பையை வென்ற முதல் அணி அதுவே.

அக்காலத்தில் ஒரு சிற்றூர் முன்னுக்கு வர வேண்டுமானால் அரசியல் ஆதரவு தேவைப்பட்டது. இதற்கு மிகவும் அறியப்பட்ட சான்று சுக்கோர்னிசெஷ்தி. நாட்டை ஆண்ட நிக்கொலாய் சௌசெஸ்கு பிறந்த ஊர் அது. அங்கிருந்த கழகம் 1970-களின் இறுதியில் பிரிவு பிரிவாக மேலேறி, 1979-இல் முதல்நிலைப் பிரிவை எட்டியது. கீழ்ப்பிரிவு ஒன்றில் கோல் வேறுபாடு தேவைப்பட்டபோது 18–0 என்ற கணக்கில் அது வென்ற ஆட்டம் உருமேனியாவில் இன்றும் பேசப்படுகிறது. அந்தச் சிற்றூரில் அதன் மக்கள்தொகைக்குப் பொருந்தாத பெரிய திடலும் எழுப்பப்பட்டது. 1989 திசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும், எஃப்சி ஓல்த் என்று அழைக்கப்பட்ட அக்கழகம் நடப்புப் பருவத்தின் இடையிலேயே முதல்நிலைப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது.

ஆட்சி மாற்றத்துக்குப் பின் அரசின் இடத்தைத் தனியார் முதலீட்டாளர்கள் பிடித்தனர். ஆயினும் புக்கரெஸ்ட்டின் ஆதிக்கம் குறையவில்லை. 1991-இல் உனிவர்சிததேயா கிராயோவா பட்டம் வென்ற பிறகு, 1992 முதல் 2007 வரை பதினாறு ஆண்டுகள் ஸ்தாவ்வா, தினமோ, ரப்பீத் ஆகிய மூன்று தலைநகர் அணிகளே பட்டத்தைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன. 2008-இல் சிஎஃப்ஆர் குளுஜ் அந்த வரிசையை உடைத்தது. குளுஜ் திரான்சில்வேனியாவின் மிகப் பெரிய நகரம். அடுத்த ஆண்டு பட்டம் உர்சிச்சேனிக்குச் செல்லும் என்று எதிர்பார்த்தவர்கள் மிகச் சிலரே.

முதல்நிலைப் பிரிவுக்கு வருகை

2000-களின் தொடக்கத்தில் தொழிலதிபர் துமித்ரு புக்‌ஷாருவின் முதலீடு கழகத்துக்குக் கிடைத்தது. அதன்பின் மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கும், 2006-இல் முதல்நிலைப் பிரிவுக்கும் அணி உயர்ந்தது. அதுவரை 'திவிசியா ஆ' எனப்பட்ட முதல்நிலைப் பிரிவு, அதே ஆண்டில்தான் 'லீகா 1' எனப் பெயர் மாறி 18 அணிகளுடன் நடக்கத் தொடங்கியது.

அவ்வாண்டிலேயே தான் பெத்ரெஸ்கு பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். உருமேனியத் தேசிய அணிக்காக 95 ஆட்டங்களில் ஆடிய பின்கள வீரர் அவர். 1998 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் அவர் அடித்த கோல் உருமேனியாவுக்கு 2–1 வெற்றியைத் தந்தது. இங்கிலாந்தின் செல்சி அணியில் பல ஆண்டுகள் ஆடியவர் என்பதால், உர்சிச்சேனி அணிக்கு 'யலோமித்சாவின் செல்சி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. இளமைக்காலத்தில் பெத்ரெஸ்கு ஒரு பருவம் சுக்கோர்னிசெஷ்தி அணிக்கும் இரவல் வீரராக ஆடியிருந்தார். நாட்டின் மிகப் புகழ்பெற்ற இரு சிற்றூர் அணிகளோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது இவ்வாறே.

முன்பு ஸ்தாவ்வாவில் பணியாற்றிய மிகாய் ஸ்தோய்க்கா கழகத்தின் மேலாளராகச் சேர்ந்தார். ஆக, முதலீட்டாளர், மேலாளர், பயிற்சியாளர் என்ற மூவரைச் சுற்றியே கழகம் இயங்கியது. பெரும் தொகை கொடுத்து நட்சத்திர வீரர்களை வாங்கும் வழக்கம் இங்கு இல்லை. பிற அணிகளில் வாய்ப்புக் குறைந்தவர்களும், பெரிய அணிகள் கவனிக்காதவர்களுமே பெரும்பாலும் சேர்க்கப்பட்டனர். லித்துவேனியாவின் கோல் காவலர் கியெத்ரியுஸ் அர்லாவுஸ்கிஸ், அர்ச்செந்தீனாவின் பாப்லோ பிரந்தான், பிரான்சைச் சேர்ந்த புரூனோ ஃபெர்னாந்தெஸ், பிரேசிலின் ரிக்கார்தோ விலானா ஆகியோர் உருமேனிய வீரர்களான ஜார்ஜே கலமாஸ், மரியுஸ் பிலாஷ்கோ, சோரின் பரஸ்கிவ், மரியுஸ் ஒனோஃப்ராஷ் முதலியோருடன் ஆடினர். கட்டுக்கோப்பான தற்காப்பு, கடுமையான உடற்பயிற்சி, விரைவான எதிர்த்தாக்குதல் ஆகியவை அணியின் அடையாளங்களாயின.

2007–08 பருவத்தில் அணி உருமேனியக் கோப்பையின் இறுதிப் போட்டியை எட்டி, சிஎஃப்ஆர் குளுஜிடம் 1–2 எனத் தோற்றது. அடுத்த பருவத்தில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டியில் ஆடியது. யூஈஎஃப்ஏ கோப்பையின் முதல் சுற்றில் செருமனியின் ஆம்பர்க் அணியை அதன் சொந்தத் திடலில் 0–0 எனத் தடுத்து நிறுத்தினாலும், மறு ஆட்டத்தில் 0–2 எனத் தோற்று வெளியேறியது.

வாகையர் பட்டம்

2008–09 பருவத்தில் உள்நாட்டுக் கூட்டிணைவில் அணி முதலிடம் பிடித்தது. முதல்நிலைப் பிரிவில் அதற்கு அது மூன்றாவது பருவம் மட்டுமே. தலைநகரின் மூன்று பெரிய கழகங்களும், பெரும் பொருட்செலவில் அமைந்த குளுஜ், திமிசோவாரா அணிகளும் அதற்குக் கீழே முடித்தன.

இந்தப் பட்டத்துக்கு விளையாட்டுப் பெருமையைத் தாண்டிய மதிப்பும் இருந்தது. முந்தைய ஆண்டுகளில் உருமேனிய அணிகள் ஐரோப்பியப் போட்டிகளில் ஈட்டிய தரவரிசைப் புள்ளிகளின் பயனாக, அவ்வாண்டின் உருமேனிய வாகையருக்குத் தகுதிச் சுற்றுகள் ஏதுமின்றி நேரடியாகச் சாம்பியன்ஸ் லீக்கின் குழுநிலையில் இடம் கிடைத்தது. பிற அணிகள் சேர்த்துவைத்த புள்ளிகளின் பலனை, அவற்றைச் சேர்ப்பதில் பெரிய பங்கு எதுவும் இல்லாத ஒரு சிற்றூர் அணி பெற்றது. குழுநிலைக்கு வரும் ஒவ்வோர் அணிக்கும் 71 லட்சம் யூரோ பங்கேற்புத் தொகையும், வெற்றிக்கு 8 லட்சமும், சமநிலைக்கு 4 லட்சமும் அப்போது வழங்கப்பட்டன.

சாம்பியன்ஸ் லீக், 2009

உர்சிச்சேனி இடம்பெற்ற 'ஜி' குழுவில் செவீயா, செருமனியின் ஸ்டுட்கார்ட், ரேஞ்சர்ஸ் ஆகியவை இருந்தன. ஊரிலிருந்த திடல் போட்டி அமைப்பின் தேவைகளை நிறைவு செய்யாததால், சொந்தத் திடல் ஆட்டங்கள் யாவும் புக்கரெஸ்ட்டில் உள்ள ஸ்தாவ்வா திடலில் நடந்தன. தன் வரலாற்றின் மிகப் பெரிய ஆட்டங்களை உர்சிச்சேனி தன் ஊரில் பார்க்கவே இல்லை. ஏறத்தாழ 28,000 இருக்கைகள் கொண்ட அத்திடலில் ஊர் முழுவதும் வந்து அமர்ந்தாலும் இடம் மிஞ்சியிருக்கும்.

முதல் ஆட்டத்தில் செவீயாவிடம் 0–2 எனத் தோற்ற அணி, இரண்டாம் ஆட்டத்தில் ஸ்டுட்கார்ட்டுடன் 1–1 எனச் சமன் செய்தது. மூன்றாம் ஆட்டம் 2009 அக்டோபர் 20 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் திடலில் நடந்தது. ஏறத்தாழ 50,000 பேர் அமரும் திடல் அது. தொடக்க நிமிடங்களிலேயே விலானாவின் மேல் பட்ட பந்து அவரது அணியின் வலைக்குள்ளேயே சென்றதால் ரேஞ்சர்ஸ் முந்தியது. பின்னர் அவ்வணிக்குக் கிடைத்த ஒரு பெனால்ட்டி வாய்ப்பு வீணானது. முதல் பாதியிலேயே பிலாஷ்கோ சமன் செய்தார். இரண்டாம் பாதியில் ரேஞ்சர்ஸ் வீரர்கள் லாஃபர்ட்டியும் மெக்கல்லக்கும் அடுத்தடுத்துத் தம் சொந்த வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்திவிட, பிரந்தான் நான்காவது கோலை அடித்தார். 4–1 என முடிந்த இந்த வெற்றியே சாம்பியன்ஸ் லீக்கில் கழகம் பெற்ற முதல் வெற்றி.

நவம்பரில் புக்கரெஸ்ட்டில் நடந்த மறு ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் முந்தியிருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒனோஃப்ராஷ் சமன் செய்தார். அடுத்து வந்த செவீயா, எதிரணி வீரர் திராகுத்தினோவிச்சின் காலில் பட்டு விழுந்த கோலால் 0–1 எனத் தோற்றது. ஐந்து ஆட்டங்களின் முடிவில் உர்சிச்சேனிக்கு 8 புள்ளிகள், ஸ்டுட்கார்ட்டுக்கு 6 புள்ளிகள். கடைசி ஆட்டம் இவ்விரு அணிகளுக்கும் இடையே ஸ்டுட்கார்ட்டில் நடக்கவிருந்தது. அதில் சமன் செய்தாலே உர்சிச்சேனி பதினாறு அணிகள் ஆடும் அடுத்த சுற்றுக்குச் சென்றிருக்கும்.

திசம்பர் 9 அன்று நடந்த அந்த ஆட்டத்தின் முதல் 11 நிமிடங்களில் ஸ்டுட்கார்ட் மூன்று கோல்கள் அடித்தது. முதல் கோலை அடித்தவர் உருமேனியாவின் தேசிய அணி வீரரான சிப்ரியான் மரிக்கா. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் செமெடோ ஒரு கோல் அடித்தாலும் அணியால் மீள முடியவில்லை. ஆட்டம் 1–3 என முடிந்தது. செவீயா 13, ஸ்டுட்கார்ட் 9, உர்சிச்சேனி 8, ரேஞ்சர்ஸ் 2 என்ற புள்ளிகளுடன் குழு நிறைவுற்றது. இரண்டு வெற்றி, இரண்டு சமநிலை என்ற கணக்கில், பங்கேற்புத் தொகையுடன் சேர்த்துக் கழகத்துக்குச் சேர வேண்டிய தொகை 95 லட்சம் யூரோ. தொலைக்காட்சி உரிமை வருவாயின் பங்கு இதில் அடங்காது.

மூன்றாம் இடம் பெற்ற அணியாக உர்சிச்சேனி யூரோப்பா லீக்குக்கு மாற்றப்பட்டது. 2010 பிப்ரவரியில் அங்கு அது லிவர்பூலைச் சந்தித்தது. ஆன்ஃபீல்டில் 81-ஆவது நிமிடம் வரை கோல் விழாமல் காத்து 0–1 எனத் தோற்றது. புக்கரெஸ்ட் ஆட்டத்தில் ஃபெர்னாந்தெஸ் முதலில் கோல் அடித்து நம்பிக்கை தந்தாலும், மஸ்செரானோ, பாபெல், ஜெரார்டு ஆகியோரின் கோல்களால் லிவர்பூல் 3–1 என வென்றது.

சிதைவு

லிவர்பூல் ஆட்டங்களுக்கு முன்பே அணியின் மையம் கலைந்திருந்தது. குழுநிலை முடிந்த திசம்பரிலேயே பெத்ரெஸ்கு உருசியாவின் குபான் கிராஸ்னதார் அணிக்குச் சென்றுவிட்டார். அவருக்குப் பின் இசுரேலைச் சேர்ந்த ரோனி லெவி பொறுப்பேற்றார். இருந்தும் 2009–10 பருவத்தில் அணி சிஎஃப்ஆர் குளுஜுக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பிடித்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கழகம் நிலைபெற்றுவிட்டதாகவே தோன்றியிருக்கும்.

2010 கோடையில் நிலைமை வெளிப்பட்டது. சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் உருசியாவின் செனித்துடன் முதல் ஆட்டத்தில் 0–0 எனச் சமன் செய்து, மறு ஆட்டத்தில் 0–1 எனத் தோற்றது. குரோவாசியாவின் ஹைதுக் ஸ்ப்லித்திடம் 1–4, 1–1 என்ற கணக்கில் பின்தங்கி யூரோப்பா லீக் வாய்ப்பையும் இழந்தது. ஐரோப்பிய வருவாய் அத்துடன் நின்றது. கழகத்தில் செலுத்தப்பட்ட முதலீடு சுருங்கியது. மேலாளர் ஸ்தோய்க்கா வெளியேறினார். கலமாஸ், பிரந்தான், பிலாஷ்கோ உள்ளிட்ட பல வீரர்கள் ஸ்தாவ்வாவுக்கு மாறினர். கோல் காவலர் அர்லாவுஸ்கிஸ் உருசியாவின் ரூபின் கசானுக்குச் சென்றார்.

எஞ்சியிருந்த இளம் வீரர்களையும் இடைக்கால ஏற்பாடுகளையும் கொண்டு 2010–11 பருவத்தை ஓட்டிய அணி, முதல்நிலைப் பிரிவிலிருந்து தரமிறங்கியது. இரண்டாம் பிரிவில் அது ஆடவில்லை. 2011 கோடையில் கழகம் கலைக்கப்பட்டது. செவீயாவை வென்ற நாளிலிருந்து கணக்கிட்டால், இடையே கழிந்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. பின்னர் அதே பெயரில் கழகம் மீண்டும் தொடங்கப்பட்டு, கீழ்நிலைப் போட்டிகளில் ஆடியது.

காரணங்கள்

தோல்விகள் மட்டும் இக்கழகத்தை அழிக்கவில்லை. இரண்டாம் இடம் பெற்ற அணி ஒரே ஆண்டில் மறைவதற்குக் களத்துக்கு வெளியே காரணங்கள் இருந்தன.

முதலாவது, வருவாயின் தன்மை. 17,000 மக்கள் வாழும் ஊரில் நுழைவுச்சீட்டு விற்பனையும் உள்ளூர் விளம்பரமும் முதல்நிலை அணி ஒன்றின் சம்பளச் செலவுக்கு ஈடாக மாட்டா. எனவே உரிமையாளரின் பணமும் ஐரோப்பியப் போட்டிகளின் பரிசுத்தொகையுமே அணியைத் தாங்கின. ஒன்று சுருங்கி மற்றொன்று நின்றபோது மூன்றாவது ஊன்றுகோல் எதுவும் இல்லை.

இரண்டாவது, நிலைத்த சொத்து இல்லாமை. ஐரோப்பிய ஆட்டங்களுக்கு ஏற்ற திடல் ஊரில் எழவில்லை. முதல்நிலை அணிக்கு வீரர்களைத் தொடர்ந்து வழங்கக்கூடிய இளையோர் பயிற்சி அமைப்பும் வேரூன்றவில்லை. கழகத்தின் மதிப்பு முழுவதும் ஒப்பந்த வீரர்களிடமே இருந்தது. அவர்கள் சென்றதும் மதிப்பும் சென்றது.

மூன்றாவது, ஆதரவாளர்களின் இடம். புக்கரெஸ்ட் கழகங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் ஆதரவாளர்கள் உண்டு. கழகம் வீழ்ந்தாலும் அதை மீட்க அவர்கள் திரள்வார்கள். உர்சிச்சேனிக்கு முதல்நிலைப் பிரிவில் கிடைத்தது ஐந்து பருவங்கள். அத்தகைய மரபு உருவாகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கழகத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பதில் ஊர் மக்களுக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை.

சுக்கோர்னிசெஷ்தியையும் உர்சிச்சேனியையும் ஒப்பிடும்போது ஒரு வேறுபாடும் ஓர் ஒற்றுமையும் தெரிகின்றன. முன்னது சர்வாதிகாரியின் நிழலில் வளர்ந்தது. பின்னது களத்தில் உழைத்துத் தன் வெற்றிகளைப் பெற்றது. ஆனால் இரண்டும் ஊருக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவுகளைச் சார்ந்தே நின்றன. அந்த ஆதரவு விலகியபோது இரண்டும் ஒரே வேகத்தில் சரிந்தன.

பின்னர் நடந்தவை

உர்சிச்சேனியின் கதை தனித்த ஒன்றன்று. 2011-இல் பட்டம் வென்ற ஒத்செலூல் கலாத்சி சில ஆண்டுகளில் தரமிறங்கி, நொடித்துப்போய், மீண்டும் கீழ்நிலையிலிருந்து தொடங்கியது. அதே 2011-இல் இரண்டாம் இடம் பெற்ற திமிசோவாரா கடன் காரணமாக உரிமம் மறுக்கப்பட்டு இரண்டாம் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. 2012-இல் இரண்டாம் இடம் பெற்ற வஸ்லுய் 2014-இல் மறைந்தது. 2016-இல் பட்டம் வென்ற ஆஸ்த்ரா ஜுர்ஜு 2021-இல் தரமிறங்கியது. உருமேனியாவில் வெற்றியும் நிதிநிலையும் ஒன்றோடொன்று இணைந்து செல்வதில்லை என்பதை இவ்வரிசை காட்டுகிறது.

யலோமித்சா மாவட்டத்துக்கு முதல்நிலைக் காற்பந்து திரும்பி வர நெடுங்காலம் ஆனது. 2024-இல் உனிரேயா சுலோபோசியா முதல்நிலைப் பிரிவுக்கு உயர்ந்தது. பெயரின் ஒற்றுமையால் பழைய கழகத்தின் நினைவு அப்போது பலருக்கு எழுந்தது இயல்பே.

பெத்ரெஸ்கு பின்னாளில் சிஎஃப்ஆர் குளுஜின் பயிற்சியாளராக மேலும் பல உள்நாட்டுப் பட்டங்களை வென்றார். உர்சிச்சேனியைப் பொறுத்தவரை, 2009-ஆம் ஆண்டின் வாகையர் என்ற பதிவும், ஐப்ராக்ஸில் பெற்ற 4–1 வெற்றியும் ஐரோப்பியக் காற்பந்தின் ஆவணங்களில் நிலைத்துள்ளன. அவற்றை ஈட்டிய கழகம்தான் நிலைக்கவில்லை.